வால் மட்டும் விழுந்த படங்கள்

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும்: கறுப்பு வெள்ளையில் ஒரு தேயிலைத் தோட்டம், ஓரத்தில் வெளுத்துப்போன ஒரு புதர், நடுவில் இழுபட்ட ஒரு சாம்பல் கறை. கீழே தேதி, நேரம், வெப்பநிலை. கூடவே ஒரு கேள்வி: "சார், இது சிறுத்தைதானே?" என்ன மிருகம் என்று யாரும் கேட்பதில்லை. முடிவு செய்துவிட்டுத்தான் அனுப்புகிறார்கள். என் பங்குக்கு 'ஆமாம்' போட்டால் போதும், அடுத்த பத்து நிமிடத்தில் அது ஊர்க் குழுவில் ஏறிவிடும்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. "கேமராவை எந்த உயரத்துல கட்டியிருக்கீங்க? அந்தச் செடி இடுப்பளவா, முழங்கால் அளவா? கவாத்து பண்ணி எத்தனை நாளாச்சு?" இத்தோடு பலருக்கு ஆர்வம் போய்விடும். மிருகத்தைக் கேட்டால் இந்த ஆள் செடியைக் கேட்கிறானே என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். மங்கிய படத்தில் விலங்கைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் கேமரா, அப்புறம் இடம், அப்புறம் நேரமும் பருவமும். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்தக் கறையைப் பார்த்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

கோத்தகிரிச் சரிவில் இந்தத் தானியங்கி கேமராக்கள் இப்போது சர்வ சாதாரணம். ஒரு காலத்தில் வனத்துறையிடமும் ஆராய்ச்சியாளர்களிடமும் மட்டும் இருந்தது. இன்று ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேரட் தோட்டத்தைப் பன்றி கிளறுகிறது என்று வாங்குபவர், கோழி காணாமல் போகிறது என்று வாங்குபவர், ஹோம்ஸ்டேக்கு வரும் விருந்தாளிகளுக்குக் காலையில் காட்டலாமே என்று வாங்குபவர், எல்லோரும் உண்டு. வாங்கியதும் செய்கிற முதல் காரியம், நெஞ்சு உயரத்தில் மரத்தில் கட்டுவது. பிறகு வருகிற எல்லா மிருகமும் முதுகும் காதுமாகத்தான் விழும். புலிக் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் ஏறக்குறைய முழங்கால் உயரத்தில்தான் கட்டுவார்கள், அதுவும் பாதையின் இரு பக்கமும் எதிரெதிராக. புலியின் இடது விலாவில் இருக்கும் வரிகள் வலது விலாவில் இருக்காது என்பதால் இரண்டு பக்கமும் வேண்டும்.

சரி, கேமரா என்ன செய்கிறது? அதற்குள் இருக்கும் சென்சார் விலங்கைப் பார்ப்பதில்லை. பின்னணியைவிட வேறு வெப்பத்தில் இருக்கும் ஏதோ ஒன்று தன் முன்னால் குறுக்கே நகர்ந்தால் அதை உணர்கிறது. உணர்ந்து, விழித்து, ஷட்டரைத் திறப்பதற்குள் கொஞ்சம் நேரம் போய்விடும். நல்ல கேமராவில் அது கண்ணிமைக்கும் பொழுது. மலிவானதில் ஒரு விநாடி வரை இழுக்கும். வேகமாகப் போகிற கீரி ஒரு விநாடியில் படச்சட்டத்தைத் தாண்டிவிடும். வால் மட்டும் மாட்டும். வெறும் புல் மட்டும் விழுந்த படங்களும் இப்படி வருபவைதான். அதைப் பார்த்து "நேத்து ராத்திரி ஒண்ணுமே வரலை, கேமரா சும்மா சும்மா எடுக்குது" என்பார்கள். வெயில் பட்டுச் சூடான இலை ஆடினாலும் சும்மா எடுக்கும், அது உண்மைதான். ஆனால் நடு ராத்திரி இரண்டு மணிக்கு எந்த இலையும் சூடாக இருப்பதில்லை. வந்தது போய்விட்டது, அவ்வளவுதான். சமவெளியில் சித்திரை மதியத்தில் இதற்கு நேர்மாறு. தரையும் பாறையும் மிருகத்தின் உடம்புச் சூட்டை எட்டிவிடுவதால் கண்ணெதிரே மாடே நடந்தாலும் சென்சாருக்குத் தெரியாமல் போகலாம்.

பெட்டியில் போட்டிருக்கும் மெகாபிக்சலையும் நம்பாதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்னச் சென்சார்தான். எடுத்த படத்தை மென்பொருளால் ஊதிப் பெரிதாக்கி 48 மெகாபிக்சல் என்று விற்கிறார்கள். ஊதினால் விவரம் கூடாது. அப்படிப்பட்ட படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க இல்லாத புள்ளிகளும் வரிகளும் தெரிய ஆரம்பிக்கும். தேவையில்லாத சிறுத்தைகள் பல அங்கேதான் பிறக்கின்றன.

இரவுப் படத்தில் இன்னும் மோசம். இன்ஃப்ராரெட் விளக்கின் வெளிச்சம் போதாது என்று ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும். நின்ற உடம்பு ஓரளவு தெளிவாக விழும், நடக்கிற கால் கரைந்துபோகும். கரைந்த காலின் வழியாகப் பின்னால் இருக்கும் கல் தெரியும். "கால் இல்லாத மிருகம்", "உடம்புக்குள்ள செடி தெரியுது சார்" என்று வருகிற பேய்க் கதைகள் எல்லாம் இந்த வகையறா. முள்ளம்பன்றி இதில் தனி ரகம். வெள்ளை முட்கள் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்க, அதுவும் நகர்ந்துகொண்டிருக்க, தலையும் காலும் இல்லாத ஒரு வெள்ளைப் புகை வடிகாலைத் தாண்டுவது மாதிரி விழும். லென்ஸ் ஓரமாகப் பறக்கும் அந்துப்பூச்சியும் கேமரா முன்னால் வலை கட்டிய சிலந்தியும் பறக்கும் தட்டாக மாறிய கதைகளும் என்னிடம் உண்டு, அதெல்லாம் இன்னொரு நாள்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். இரவுப் படத்தில் தெரியும் கறுப்பு, வெள்ளை, சாம்பல் எதுவும் நாம் பகலில் பார்க்கும் நிறத்தின் நகல் கிடையாது. ரோமம் இன்ஃப்ராரெட்டை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதன் அளவு அது. பகலில் கன்னங்கரேலென்று நிற்கும் காட்டெருமை இரவுப் படத்தில் வெளிறிப்போய் வரும். செந்நாயின் சிவப்பு தடயமில்லாமல் போய்விடும். கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்த மிருகம் எதுவாக இருந்தாலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். 'வெள்ளை நரி' என்று எனக்கு வந்த படம் அப்படிப்பட்டது. அடுத்த படத்தில் அதே நரி நாலு அடி தள்ளிப் போய்ச் சாதாரண நரியாகிவிட்டது. அந்த இரண்டாவது படத்தை அனுப்பியவர் முதலில் அனுப்பவே இல்லை, நான் கேட்டு வாங்கினேன். அந்தி நேரத்தில் உள்ளே இருக்கும் வடிகட்டி சரியாக மாறாமல் சிக்கிக்கொண்டால் பகல் படமே ரோஸ் நிறத்தில் வரும். அதற்கும் மிருகத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் நிறத்தை மாற்றிக் காட்டும் இன்ஃப்ராரெட்டின் இதே கோளாறு ஒரு நல்ல காரியத்துக்கும் உதவியிருக்கிறது. நீலகிரிக்காரர்களுக்குக் கருஞ்சிறுத்தை புதிதல்ல. அது தனி இனம் கிடையாது, கருமை கூடிப் பிறந்த சாதாரணச் சிறுத்தைதான். பகலில் பார்த்தால் புள்ளிகள் தெரியாது, சாய்ந்த வெயிலில் லேசாகத் தெரியும். மலேசியத் தீபகற்பத்தில் ஏறக்குறைய எல்லாச் சிறுத்தைகளுமே கறுப்பு. புள்ளி தெரியாவிட்டால் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க முடியாவிட்டால் எண்ண முடியாது. திரெங்கானு மாநிலத்தின் கெனீர் பகுதியில் வேலை செய்த ஆய்வுக் குழு ஒரு தந்திரம் செய்தது. கேமராவின் ஒளி உணரியை மறைத்துவிட்டார்கள். பகலா இரவா என்று அதற்குத் தெரியாமல், எப்போதும் இரவு என்றே நினைத்துக்கொண்டு இன்ஃப்ராரெட்டிலேயே படம் எடுத்தது. கறுப்பு ரோமத்துக்கு அடியில் ஒளிந்திருந்த புள்ளிகள் அத்தனையும் வெளியே வந்தன. 2015இல் அந்தக் கணக்கு ஆய்வுக் கட்டுரையாக வெளியானது. எனவே, இரவுப் படத்தில் புள்ளி தெரிகிறது என்பதற்காக "அப்போ கருஞ்சிறுத்தை இல்லை" என்று சொல்லிவிட முடியாது. இதை இங்கே ஒரு எஸ்டேட் மேலாளரிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மாலைப் பொழுதும் இரண்டு கோப்பை டீயும் ஆனது.

இப்போது அளவுக்கு வருவோம். மங்கிய படத்தில் பூனையும் சிறுத்தையும் ஒன்றுதான், தூரம் தெரியும் வரை. நான் செய்வது இது: படம் விழுந்த இடத்துக்கே போவேன். கேமராவைக் கழற்ற விடமாட்டேன். அடி அடியாகக் கோடு போட்ட ஒரு சவுக்குக் கம்பை எடுத்துக்கொண்டு, மிருகம் நின்ற அதே இடத்தில், அதே கல்லுக்குப் பக்கத்தில் நட்டுவைத்து, அதே கேமராவை எடுக்க விடுவேன். பிறகு இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மிருகத்தின் முதுகு கம்பில் எத்தனையாவது கோட்டுக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். கேட்க எளிது. நடைமுறையில் ஈர வடிகாலில் மண்டி போட்டு, அட்டை ஏற, கொழுந்து பறிக்கிற அக்காமார் சிரிக்க, "கொஞ்சம் இடது பக்கம் சார், இன்னும் கொஞ்சம்" என்று ஒருவர் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்லச் செய்ய வேண்டிய வேலை.

ஒரு எஸ்டேட்டில் 'சிறுத்தைக் குட்டி' என்று ஒரு படம் சுற்றியது. லைன் வீடுகளுக்குக் கீழே, சில்வர் ஓக் மரத்தில் கட்டியிருந்த கேமரா. பின்பக்கம், வால், திரும்பிய தலையில் ஒரு காது. உடம்பில் புள்ளிகள் சந்தேகமில்லாமல் இருந்தன. பிள்ளைகளைச் சாயங்காலம் வெளியே விட வேண்டாம் என்று பேச்சாகி, கூண்டு கேட்டு மனு எழுதுகிற அளவுக்குப் போய்விட்டது. கம்பை நட்டுப் பார்த்தால் தோள் உயரம் ஒன்றரைச் சாண். அது மட்டும் போதாது, மூன்று மாதச் சிறுத்தைக் குட்டியும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான் இருக்கும். புள்ளிகளைப் பார்த்தேன். சிறுத்தைக்கு விலாவில் நடுவே வெளிறிய வளையங்கள் இருக்கும். இதில் இருந்தவை அடைத்த புள்ளிகள், முதுகில் வரிசை கட்டி நீண்டுகொண்டு போயின. கால்கள் உடம்புக்கு மெலிசு. வால் உடம்பில் பாதியைத் தாண்டவில்லை, சிறுத்தைக்கு அது இன்னும் நீளமாக இருக்கும். எனக்கு இது சிறுத்தைப்பூனை என்று தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்தால் போதுமா?

மேஸ்திரியிடம் பழைய மெமரி கார்டுகள் இருக்கிறதா என்று கேட்டேன். அழிக்காமல் வைத்திருந்தார், புண்ணியவான். மழைக்கு முன்னால் ஒரு படம், மழைக்குப் பின்னால் சில, பனிக்காலத்தில் ஒன்று. அதே வடிகால், அதே கல், அதே மிருகம், எப்போதும் தனியாக. எல்லாவற்றிலும் முதுகு அந்தக் கல்லின் அதே விளிம்புக்குத்தான் வந்தது. மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "குட்டின்னா இந்நேரம் வளர்ந்திருக்கணுமேங்க?" என்றார். அதற்கு மேல் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. லைன் வீடுகளில் என் பேச்சைவிட அவர் பேச்சு எடுபடும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. காட்டுப்பூனைக் குட்டிகளுக்குப் பிறக்கும்போது உடம்பில் வரியும் புள்ளியும் இருக்கும், வளர்ந்த பிறகு மறைந்துவிடும். கரும்பு வெட்டும்போது கிடைக்கும் அந்தக் குட்டிகளைச் சிறுத்தைக் குட்டி என்று தூக்கிக்கொண்டு போகிறார்கள். தாய் இரை தேடித் திரும்பி வந்து பார்த்தால் குட்டி இருக்காது. படத்தில் தப்பாகப் பெயர் வைப்பது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசை எப்படிப் பெயர் வைக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் போர்னியோ. 2003இல், இந்தோனேசியப் பகுதியில் இருக்கும் காயான் மென்தராங் தேசியப் பூங்காவில், டபிள்யூ டபிள்யூ எஃப் வைத்த கேமராவில் இரவில் இரண்டு படங்கள் விழுந்தன. பூனையைவிடச் சற்றுப் பெரிசு, செம்பழுப்பு ரோமம், சின்னக் காது, நீளமான தடித்த வால். ஒன்று முன்னாலிருந்து, ஒன்று பின்னாலிருந்து. உள்ளூர் மக்களிடம் காட்டினார்கள், தெரியாது என்றார்கள். 2005 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: புதிய ஊனுண்ணியாக இருக்கலாம். உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் அந்தப் படம். புனுகுப்பூனை வகை என்றார்கள், மார்ட்டென் வகை என்றார்கள், லெமூர் என்றவர்கள்கூட உண்டு.

2006இல் எரிக் மெய்யார்டும் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் 'மேமல் ரிவ்யூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். படத்தில் இருப்பதை அருங்காட்சியக மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது பெரும்பாலும் தாமஸின் பறக்கும் அணிலாக இருக்கும் என்றார்கள். ஊனுண்ணியே இல்லை, அணில்! மரத்துக்கு மரம் சறுக்கும் பெரிய செந்நிற அணில், என்ன காரணத்தாலோ அன்று தரையில் நடந்திருக்கிறது. சறுக்கும் தோல் மடிந்து விலாவில் கிடந்தால் அணில் அணிலாகத் தெரியாது. அதைத் தரையில் பார்க்கும் வாய்ப்பு யாருக்கும் அநேகமாகக் கிடைப்பதில்லை என்பதால், அப்படி ஒரு விடை எவருடைய மனதிலும் முதலில் தோன்றியிருக்காது. தரையில் வைத்த கேமரா, ஆகவே தரையில் வாழும் மிருகம் என்று நம் மூளை முடிவு கட்டிவிடுகிறது. அந்த மெய்யார்ட் கட்டுரையிலும் 'பெரும்பாலும்' என்ற சொல் இருப்பதைப் பாருங்கள். இரண்டு படத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்லக்கூடாது.

ஆஸ்திரேலியாவில் இன்னும் சோகமான கதை. டாஸ்மேனியப் புலி என்கிற தைலசீனில் கடைசியாக அறியப்பட்டது 1936இல் ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் செத்தது. 2021 பிப்ரவரியில் ஒரு ஆர்வலர் குழு, தங்கள் கேமராவில் தைலசீன் குடும்பமே சிக்கியிருக்கிறது, குட்டியும் இருக்கிறது என்று அறிவித்தது. டாஸ்மேனிய அருங்காட்சியகத்துக்காக அந்தப் படங்களைப் பார்த்த நிக் மூனி, இவை பெரும்பாலும் பாடிமெலன்கள் என்று சொல்லிவிட்டார். சிறிய வாலபி வகை, அங்கே சாதாரணமாகத் திரிவது. அமெரிக்காவில் இந்தக் கூத்து ஒரு திருவிழா மாதிரியே நடக்கும். 2007இல் பென்சில்வேனியாவில் வேட்டைக்காரர் ஒருவரின் கேமராவில் விழுந்த மெலிந்த, ரோமமில்லாத ஒரு உருவத்தைப் பிக்ஃபுட் குட்டி என்றார்கள். மாநில வேட்டை ஆணையம், சொறி பிடித்த கரடி என்றது. டெக்சாஸ் பக்கம் சுபகாப்ரா என்ற கட்டுக்கதை மிருகமாகக் கிளம்பியவை சொறியில் முடி உதிர்ந்த கயோட்டிகள். இங்கேயும் சொறி நரிகள் உண்டு. முடி போனால் காது பெரிதாகும், வால் கயிறாகும், முகம் கூராகும், விலா எலும்பு வரியாகத் தெரியும். வரி தெரிந்தால் கழுதைப்புலி என்பார்கள். முதுமலைக்குக் கீழே மோயாறு பக்கம் கழுதைப்புலி உண்மையாகவே இருப்பதால் மறுக்கவும் சங்கடம். தோளையும் பிடரியையும் பார்க்க வேண்டும். கழுதைப்புலிக்கு முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். எவ்வளவு சொறி வந்தாலும் நரியின் முதுகு சரியாது.

நம் பக்கத்து ஆசை, மலபார் புனுகுப்பூனை. 1862இல் எட்வர்ட் பிளைத் பெயரிட்ட விலங்கு. காட்டில் உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூடக் கிடையாது. மலப்புரம் மாவட்டத்தில் 1980களின் கடைசியில் கிடைத்த தோல்கள்தான் பிந்தைய வலுவான சாட்சி. அதனாலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் கேமரா வைக்கும் ஒவ்வொருவருக்கும் ரகசியமாக அதன் மேல் ஒரு கண். சாதாரணச் சிறு புனுகுப்பூனை கொஞ்சம் மங்கலாக விழுந்தால் போதும், "இதோட முதுகுல கறுப்புக் கோடு தெரியுதே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நந்தினி ராஜாமணியும் திவ்யா முத்தப்பாவும் 2010இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் இவர்களுக்கு அனுப்புவது வழக்கம். பழைய பதிவுகள் அனைத்தையும் அலசி, இப்படி ஒரு விலங்கு இங்கே இயற்கையாக வாழ்ந்ததா என்பதையே கேள்வி கேட்கும் கட்டுரை. புனுகு வியாபாரத்துக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு வளர்த்தவை தப்பியிருக்கலாம் என்ற கோணமும் அதில் வருகிறது. இல்லாமலே இருந்திருக்கக்கூடிய ஒன்றை மங்கல் படத்தில் தேடிக்கொண்டிருக்கிறோமா என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. அனுப்பினவர்களுக்குப் பெரும்பாலும் பிடிப்பதில்லை.

உண்மையான கண்டுபிடிப்புகள் கேமராவில் வராமல் இல்லை. தான்சானியாவின் உட்சுங்வா மலையில் 2005இல் பிரான்செஸ்கோ ரோவேரோவின் கேமராவில் விழுந்த சாம்பல் முக யானை மூஞ்சூறு, பிறகு நேரில் பிடித்துப் பார்க்கப்பட்டு 2008இல் புதிய இனமாகப் பதிவானது. வியட்நாமின் வெள்ளி முதுகுச் சருகுமான் இன்னும் நல்ல கதை. 1990க்குப் பிறகு விஞ்ஞானிகள் யாரும் கண்டதில்லை. சாதாரணச் சருகுமானோடு சேர்த்து இன்னொரு சாம்பல் நிறச் சருகுமானும் காட்டில் இருக்கிறது என்று உள்ளூர்வாசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நம்பி அவர்கள் காட்டிய இடத்தில் மூன்று கேமரா வைத்தார்கள். ஐந்து மாதத்தில் 275 படங்கள். பிறகு 29 கேமரா, 1,881 படங்கள். 2019இல் அறிவித்தார்கள். முன்பாதி செம்பழுப்பு, பின்பாதி வெள்ளிச் சாம்பல் என்பதுதான் அதன் அடையாளம். பகல் வெளிச்சத்தில் வண்ணத்தில் விழுந்ததால் அந்த அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. இரவில் மட்டும் நடமாடுவதாக இருந்திருந்தால் அதே 1,881 படத்தையும் வைத்துக்கொண்டு இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

கண்ணைப் பற்றி ஒரு உபயோகமான சங்கதி. பூனை, நாய், மான், மரநாய், தேவாங்கு, கரடி எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் கண் ஜொலிப்பது அதனால்தான். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. எங்கள் பக்கம் அடிக்கடி வரும் சிக்கல், தேயிலைக்கு நடுவே கறுத்துக் குனிந்த உருவம், கரடியா பன்றியா என்பது. முகம் கேமராவைப் பார்த்திருந்தும் கண் மங்கலாகவே இருந்தால் நான் பன்றிப் பக்கம் சாய்வேன். ஜொலித்தால் கரடி. கோயில் விளக்கின் எண்ணெயைக் குடிக்க வந்த கரடிகளைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் இங்கே யாரும் 'கரடி' என்றதும் ஓடிவிடுவதில்லை, அடுத்த நாள் எண்ணெய்த் தூக்கை உள்ளே எடுத்து வைப்பார்கள். கண்ணின் நிறத்தை மட்டும் கேட்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்தக் கண்ணும் வெள்ளைதான்.

நான் கடைசியாக ஆலோசனை கேட்பது கீழே இருளர் கிராமத்தில் ஒரு பெரியவரிடம். நிறைய வருஷம் வனத்துறையோடு காட்டில் நடந்தவர். போனை நீட்டினால் படத்தை ஒரு நொடி பார்ப்பார், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எந்தப் பக்கமா போவுது? மேலயா, கீழயா?" என்பார். சொன்னால், "அங்க பலா பழுத்திருக்கா தம்பி?" என்பார். ஒரு தடவை, வால் மட்டும் விழுந்த ஒரு படத்தைக் காட்டினேன். தடித்த, வளையமில்லாத, தரையை ஒட்டிய வால். நான் மரநாய் என்று நினைத்திருந்தேன், மரநாய்க்கும் வளையம் கிடையாது. அவர் வாலைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்த மண் திட்டைக் காட்டினார். "புத்து உடைஞ்சிருக்கு பாரு." உடைந்திருந்தது. முந்தைய நாள் படத்தில் அதே கரையான் புற்று முழுசாக இருந்தது. வால் என்று நான் பார்த்துக்கொண்டிருந்ததன் ஓரத்தில் செதில் விளிம்பு இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அழுங்கு.

அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை, இங்கேயும் போடப்போவதில்லை. எந்த எஸ்டேட் என்றும் சொல்லமாட்டேன். செதிலுக்காக அழுங்கைத் தேடி அலைகிற ஆட்கள் இருக்கிறார்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. படத்தோடு இடமும் போனால் நாமே வழி காட்டிய கணக்கு. கேமரா வைத்திருப்பவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் பட்டாவுக்குள் வையுங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் அங்கே கட்டக்கூடாது, 'நாலு அடிதானே' என்பது செல்லாது.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, அதுவே சொல்லிவிடாதா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பாதி சொல்லும். தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வன உயிரின நிறுவனமும் நடத்திய 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் 3,48,58,623. அதில் புலி இருந்தவை 76,651, சிறுத்தை இருந்தவை 51,777. ஏறக்குறைய 450 படத்துக்கு ஒரு புலி. மிச்சத்தை எல்லாம் மனிதக் கண்ணால் உட்கார்ந்து பிரிக்க முடியாது. அந்த வேலைக்கு மென்பொருள்தான் சரி, அங்கே அவர்களும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். மெகாடிடெக்டர் மாதிரியான கருவிகள் மிருகம், மனிதன், வண்டி என்று மட்டும் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், அந்த அடக்கம் எனக்குப் பிடிக்கும். ஆனால் வால் மட்டும் விழுந்த ஒற்றைப் படத்தைக் கொடுத்து இனத்தைக் கேட்டால், அதுவும் தான் படித்த படங்களில் எது நெருங்கி வருகிறதோ அதைச் சொல்லும். பக்கத்தில் ஒரு சதவீதமும் போடும். 91 சதவீதம் சிறுத்தை என்று வந்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒருவர் என்னிடம் வாதாடினார். படத்தில் இருந்தது அவர் வீட்டு நாய், கழுத்துப் பட்டை வேறு தெரிந்தது.

என் கணினியில் 'தெரியவில்லை' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதில்தான் படங்கள் அதிகம். கூட்டம் சேர்ந்துகொண்டே போகிறதே என்று எனக்கு வருத்தம் இல்லை. சில படங்களில் 'பூனைக் குடும்பம்' வரை போகலாம், சிலவற்றில் 'நாலு கால்' வரைதான். அனுப்பியவருக்கு அப்படியே எழுதிவிடுவேன். கோபித்துக்கொண்டு வேறு யாரிடமாவது கேட்டு 'சிறுத்தை' வாங்கிக்கொண்டவர்களும் உண்டு, அவர்கள் பாடு.

இனிமேல் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். முன்னால் விழுந்த படமும் பின்னால் விழுந்த படமும் வேண்டும், வெறும் புல்லாக இருந்தாலும் சரி. வட்டம் போடாதீர்கள், அம்புக்குறி போடாதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். கேமராவில் தேதியும் மணியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டப்பகல் படத்தில் இரவு பன்னிரண்டு என்று இருந்தால் நான் எதை நம்புவது? அதற்கப்புறம், கேமரா எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று ஒரு வரி. இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பினால் காலையில்தான் பார்ப்பேன், வந்தது சிறுத்தையாகவே இருந்தாலும்.